லைட்டைப் போட்டா வயர்லெஸ் ஏன் இரையுது?

சரி, அடுத்த கேள்வி. பாம்பன்லருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. "சார், எங்க போட்டுல டெக் லைட்டை எல்இடிக்கு மாத்துனோம். அன்னைலருந்து லைட்டைப் போட்டா வயர்லெஸ்ல கொர்ருனு இரைச்சல். கடையில கேட்டா, 'சிப்பெல்லாம் இப்ப நானோ அளவு, எலக்ட்ரான் சுவரைத் தாண்டிருது, அது குவாண்டம், ஒண்ணும் பண்ண முடியாது, செட்டை மாத்துங்க'ங்கிறாங்க. நெசமா?"

தம்பி, செட்டை மாத்தாதீங்க. அவர் சொன்னதுல பாதி நெசம். ஆனா அந்தப் பாதி உங்க போட்டுல நடக்கல.

குவாண்டம் கதையை முதல்ல பாத்துருவோம். சிப்புக்குள்ள இருக்க குட்டி சுவிட்சுதான் டிரான்சிஸ்டர். அதுக்குள்ள, கரண்டைத் திறந்து மூடுற 'கேட்'டுக்கும் (gate) சிலிக்கானுக்கும் நடுவுல கரண்டைத் தடுக்க ஒரு மெல்லிசான சுவர் இருக்கும். சின்னதாக்கிக்கிட்டே போயி, அந்த ஆக்சைடு சுவர் 1.2 நானோமீட்டருக்கு வந்துருச்சு. அஞ்சாறு அணு கனம், அவ்வளவுதான். எலக்ட்ரான் அலை மாதிரியும் நடந்துக்கும்ல, அதனால சுவத்துக்கு இந்தப் பக்கம் இருக்கது அந்தப் பக்கமும் தட்டுப்படும். நம்ம கடலோர வீட்டுச் சுவத்துல ஓதம் ஏறுற மாதிரி வச்சுக்கங்களேன். ஓதத்துக்காவது செங்கல்ல நுண்துளை வேணும், இதுக்கு ஓட்டையே வேணாம்! சுவர் 0.2 நானோமீட்டர் மெலிஞ்சா கசிவு கிட்டத்தட்ட பத்து மடங்கு. அதுக்காகத்தான் 2007-ல இன்டெல், ஹாஃப்னியம் சேந்த வேற பொருளைப் போட்டுச் சுவரைக் கனமாக்குனாங்க. இந்தக் கசிவால சிப்பு சூடாகும், பேட்டரி வீணாப் போகும். லைட் சுவிட்சைத் தட்டுனதும் வந்து, அணைச்சதும் போகாது. இதே சங்கதியை வேலைக்கும் வச்சிருக்கோம். பென் டிரைவ்ல எலக்ட்ரானைச் சுவர் வழியாத் தள்ளித்தான் அழிக்கிறது.

இப்ப உங்க லைட்டுக்கு வருவோம். டெக்குல வெளிச்சத்துக்குப் போடுறதைத்தான் சொல்றேன். மீன் கூட்டப் போடுற எல்இடிக்கு 2017-லயே தடை வந்துருச்சு, அந்தப் பேச்சு வேணாம். எல்இடிக்குப் பின்னாடி டிரைவர்னு ஒரு சின்ன போர்டு இருக்கும். உங்க போட்டு டிரைவர் இல்லப்பா! அது பேட்டரி கரண்டை நொடிக்கு லட்சம் தடவை வெட்டி வெட்டி விடும். வெட்டு கூர்மையா இருந்தா, லட்சத்தோட நிக்காம பல மடங்கு அதிர்வெண்லயும் சிதறும். உங்க வயர்லெஸ்ல ஆபத்துக்கு உதவி கேக்குற 16-ம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸ். அதோட அலைநீளம் 1.9 மீட்டர். அதுல கால்வாசி நீளக் கம்பியே ஆன்டெனாவுக்குப் போதும், அது அரை மீட்டர் பக்கம். லைட்டுக்கு இழுத்த வயரும் ஒரு முழம், ரெண்டு முழம். அதுவே ஆன்டெனா ஆயிருது.

இரைச்சல் தொல்லைன்னு ஸ்குவெல்ச்சை, அதான் சன்னமான சத்தத்தை அமுக்குற திருகை, ஏத்தி வச்சிருவீங்க. அதான் எனக்குப் பயமே. வடகடல்ல, அதான் பாக் விரிகுடால, தூரத்துல ஒரு போட்டு உதவி கேட்டா, அந்தச் சன்னமான சிக்னலும் சேந்து அமுங்கிரும். உங்களுக்குக் காதுலயே விழாது.

சோதனை சுலபம். போட்டு கரையில கட்டியிருக்கப்ப, இன்ஜினை நிறுத்திட்டு, யாரும் பேசாத சேனலுக்குப் போங்க. லைட்டை அணைச்சு, இரைச்சல் இப்பத்தான் அடங்குச்சுங்கிற இடத்துல ஸ்குவெல்ச்சை நிறுத்துங்க. ஒவ்வொரு லைட்டாப் போடுங்க. எதைப் போட்டதும் இரைச்சல் திரும்புதோ, அதுதான் ஆளு.

அந்த லைட்டோட பிளஸ், மைனஸ் வயரைத் தனித்தனியா விடாம ஒண்ணோட ஒண்ணா முறுக்கிக் கொண்டு போங்க. ஆன்டெனா வயரை விட்டு விலக்குங்க. டிரைவர் பக்கத்துலயே ஃபெரைட் கிளாம்ப் போடுங்க, லேப்டாப் சார்ஜர் வயர்ல உருண்டையா ஒண்ணு இருக்கும்ல, அதேதான். அதுக்கும் அடங்கலன்னா லைட்டைத்தான் மாத்தணும், வயர்லெஸ்ஸை இல்ல.

எந்த லைட்டுக்குமே மாட்டலன்னா, இன்ஜினை ஓட விட்டு ஒரு தடவை கேளுங்க. ஆர்பிஎம் ஏற ஏற இரைச்சலும் ஊளையா ஏறுச்சுன்னா டைனமோவைக் கழட்டிப் பாக்கணும்.