கிருமி பலரிடம், நோய் சிலரிடம்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில், குரோம்பேட்டையைத் தாண்டியதும் 'தாம்பரம் சானடோரியம்' என்று ஒரு நிலையம் வரும். 1928-ல் டாக்டர் சௌரி முத்து அந்தப் பகுதியில் காசநோயாளிகளுக்காக ஒரு சிகிச்சை இல்லத்தைத் தொடங்கினார். ரயில் நிலையத்துக்குப் பெயர் வந்தது அதனால்தான். அன்றைக்கு இந்த நோயைக் குணப்படுத்த மருந்து கிடையாது. நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்தான சாப்பாடு. இவ்வளவுதான் கொடுக்க முடிந்தது. பிழைத்து வீடு திரும்பியவர்களும் உண்டு, திரும்பாதவர்களும் உண்டு.

ஆரோக்கியம் என்றால் என்ன, நோய் என்றால் என்ன, இவற்றை எது தீர்மானிக்கிறது என்று பேசும்படி வானொலி நிலையத்தார் என்னைக் கேட்டிருக்கிறார்கள். சமூக மருத்துவம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. வகுப்பிலென்றால் வரையறையில் தொடங்குவேன். இங்கே காசநோயைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறேன். அந்தக் கேள்விகள் எல்லாமே ஒரே இடத்தில் கிடைக்கும் நோய் அது.

1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக், காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார். அதுவரை இது பரம்பரையாக வருவது, குடும்பத்துக்குப் பிடித்த சாபம் என்றெல்லாம் பல நாடுகளில் நம்பிக்கொண்டிருந்தார்கள். கோக் நுண்ணோக்கியில் கிருமியைக் காட்டியதும் எல்லாக் கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது போலத் தோன்றியது. கிருமி வந்தால் நோய், கிருமி போனால் ஆரோக்கியம். நம்மில் பெரும்பாலோர் இன்றும் மனத்தில் வைத்திருக்கும் கணக்கு இதுதான்.

ஆனால் அந்தக் கணக்கு சரியாக வருவதில்லை. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் உடலுக்குள் காசநோய்க் கிருமி எப்போதோ நுழைந்திருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் தங்கள் வாழ்நாளில் நோயாளியாக மாறுபவர்கள் நூற்றுக்கு 5 முதல் 10 பேர்தான். மீதிப் பேருக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, பிறருக்கு அவர்களிடமிருந்து தொற்றுவதும் இல்லை. உடலின் காவல் செல்கள் கிருமியைச் சுற்றி வளைத்து, முடிச்சு மாதிரி ஒரு கட்டுக்குள் அடக்கி வைத்துவிடுகின்றன. பத்து வருடமோ நாற்பது வருடமோ அது அப்படியே கிடக்கலாம்.

அப்படியானால் அந்த மனிதர் ஆரோக்கியமானவரா, நோயாளியா? உள்ளே கிருமி இருக்கிறது, ஆனால் நோய் இல்லை. அந்தக் கட்டு எப்போது தளர்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். போதிய சாப்பாடு இல்லாமல் உடம்பு வற்றும்போது தளரலாம். சர்க்கரை நோய், எச்.ஐ.வி., புகையிலை, மது, கல்குவாரித் தூசு, முதுமை, இவையும் தளர்த்துகின்றன. இந்தியாவில் இவற்றில் முதலிடம் ஊட்டக்குறைவுக்கு.

நோய்க்கும் நலத்துக்கும் நடுவே உள்ள கோட்டை மனிதர்கள்தான் போடுகிறார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 140 இருந்தால்தான் சர்க்கரை நோய் என்று ஒரு காலத்தில் வைத்திருந்தார்கள். 1997-ல் அமெரிக்க நீரிழிவு சங்கம் அதை 126 ஆகக் குறைத்தது. 130 அளவோடு ஆரோக்கியமாக இருந்தவர்கள் அந்த முடிவால் நோயாளிகள் ஆனார்கள். அதற்குக் காரணம் இருந்தது. 126-ஐத் தாண்டும்போதே கண்ணின் விழித்திரையில் பாதிப்பு தெரியத் தொடங்குவதைப் பார்த்துத்தான் குறைத்தார்கள். இது நல்ல எண்ணத்தில் போட்ட கோடு. கெட்ட எண்ணத்தில் போட்டதும் உண்டு. 1851-ல் அமெரிக்காவின் தென்பகுதியில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், அடிமைகள் எஜமானிடமிருந்து தப்பி ஓடுவதையே ஒரு மனநோய் என்று எழுதி அதற்குப் பெயரும் வைத்தார். ஒருபால் ஈர்ப்பை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து 1990-ல்தான் நீக்கியது. அதற்காக நோயெல்லாம் கற்பனை என்று நான் சொல்லவில்லை. ஒன்றை நோய் என்று யாராவது அறிவித்தால், யார் சொல்கிறார்கள், எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

சரி, ஆரோக்கியத்துக்கு வருவோம். உலகப் போர் முடிந்த மறு வருடம், 1946-ல், நியூயார்க்கில் கூடிய நாடுகள் உலக சுகாதார நிறுவனத்தின் சாசனத்தில் ஒரு வரி எழுதின. நோயோ பலவீனமோ இல்லாமலிருப்பது மட்டும் ஆரோக்கியம் ஆகிவிடாது. உடல், மனம், சமூகம் ஆகிய மூன்றிலும் முழுமையாக நலமாக இருக்கும் நிலைதான் ஆரோக்கியம் என்பது அதன் சாரம். 1948 ஏப்ரல் 7 அன்று அந்தச் சாசனம் நடைமுறைக்கு வந்தது. ஏப்ரல் 7 உலக சுகாதார தினமானது அப்படித்தான்.

அந்த 'முழுமையாக' என்பதைப் பலர் குறை சொல்கிறார்கள். முழங்கால் வலியும் ரத்தக் கொதிப்பும் இல்லாத அறுபது வயதுக்காரர் எத்தனை பேர்? அப்படிப் பார்த்தால் ஊரில் பாதிப் பேருக்கு ஆரோக்கியமே கிடையாது. 2011-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த மாக்டெல்ட் ஹூபரும் உடன் பணியாற்றியவர்களும், வருகிற கஷ்டத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டு வாழும் திறனே ஆரோக்கியம் என்று பார்க்கலாமே என்றார்கள். நாள்பட்ட நோயோடு வாழ்பவர்களுக்கு அது தெம்பு தரும் பார்வை. இருந்தாலும் 1946-ல் 'சமூகம்' என்பதையும் சேர்த்தார்களே, அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது. காசநோய் குணமாகிச் சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்த பிறகும், தழும்பேறிய நுரையீரலோடு மூட்டை தூக்க முடியாமல் வேலையை இழந்தவர் இருக்கிறார். மருந்து சாப்பிட்ட விஷயம் புகுந்த வீட்டில் தெரிந்துவிடுமோ என்று மருந்து அட்டையை அரிசி டப்பாவில் ஒளித்து வைக்கும் பெண் இருக்கிறார். ஆய்வகத்தின் கணக்கில் இருவரும் குணமானவர்கள்.

இப்போது சென்னைக்குத் திரும்புகிறேன். 1956-ல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆகியவை சேர்ந்து தொடங்கிய மையம். அதற்குள் மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் நோயாளிகளோ லட்சக்கணக்கில், சானடோரியப் படுக்கைகளோ மிகக் குறைவு. வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் குணமாகுமா? இதுதான் கேள்வி. நகரின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினருக்கு சானடோரியம். மறு பாதியினருக்கு அவர்களுடைய நெருக்கமான வீடு, அவர்களுடைய அரைகுறைச் சாப்பாடு. மருந்து மட்டும் இருவருக்கும் ஒன்றே, ஒரு வருடம்.

1959-ல் முடிவு வெளிவந்தது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், எடையும் கூடுதலாக ஏறியது. ஆனால் குணமானதில் இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் ஆபத்து கூடிவிடவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வர இந்தச் சென்னை ஆய்வு ஒரு முக்கியக் காரணம். குடும்பத்தைப் பிரிந்து மாதக்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டிய நிலையிலிருந்து கோடிக்கணக்கானவர்களை அது விடுவித்தது. அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். சேத்துப்பட்டு வழியாகப் போகிறவர்கள் அந்தக் கட்டடத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்க்கலாம்.

ஆனால் அந்த வெற்றியிலிருந்து மருத்துவ உலகம் ஒரு படி அதிகமாக எடுத்துக்கொண்டது. மாத்திரை போதும், சாப்பாடு அவ்வளவு முக்கியமில்லை என்ற எண்ணம் ஊறிவிட்டது. 1959 ஆய்வு கேட்ட கேள்வி, வந்த நோய் எங்கே வைத்துக் குணமாகும் என்பது. நோய் யாருக்கு வருகிறது என்பது வேறு கேள்வி. இங்கிலாந்தில் காசநோய்ச் சாவுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இறங்கத் தொடங்கி, 1940-களின் இறுதியில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்து வருவதற்கு முன்பே பெருமளவு குறைந்துவிட்டிருந்தன. காரணம் சாப்பாடா, வீடா, நோயாளிகளைத் தனியே வைத்ததா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். காரணம் மருந்து அல்ல என்பது மட்டும் நிச்சயம்.

அந்த இரண்டாவது கேள்விக்குச் சரியான சோதனை நடக்க 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில், அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகிய மருத்துவர்களும் சேத்துப்பட்டு நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு. வந்த நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேர் எடை குறைந்தவர்கள். எல்லா நோயாளிகளுக்கும் மருந்தோடு உணவுப் பொருள்களும் தந்தார்கள். ஒரு பாதிக் குடும்பங்களில், நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்த மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள். பெரியவர்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பு, சத்து மாத்திரை. வேறொன்றும் இல்லை. ரேஷன் கடையில் கிடைக்கும் சாமான்தான்.

10,345 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். உணவு கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வந்தது 39 சதவீதம் குறைவு. நுரையீரலிலிருந்து பிறருக்குப் பரவக்கூடிய, சோதனையில் உறுதியான வகையை மட்டும் பார்த்தால் 48 சதவீதம் குறைவு. 2023-ல் இந்த முடிவைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. அரிசியும் பருப்பும் இவ்வளவு செய்யும் என்றால், அவை இல்லாததால் இத்தனை வருடங்களில் எத்தனை பேரை இழந்திருப்போம்?

நோயாளியின் கேஸ் ஷீட்டில் பீடி உண்டா, மது உண்டா என்று எழுத இடம் இருக்கிறது. ஒரே அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், தினக்கூலி எவ்வளவு, கடைசியில் சாப்பிடுவது யார் என்று எழுத இடம் இல்லை. அதனால் மாணவர்களை நோயாளிகளின் வீட்டுக்கே அழைத்துப் போகிறேன். ஒரு வீட்டில், இருந்த ஒரே ஜன்னலையும் அட்டைப் பெட்டியை வெட்டி அடைத்திருந்தார்கள். காற்று வர வேண்டுமே, திறந்து வையுங்கள் என்றான் ஒரு மாணவன். வீட்டுக்கார அம்மா பதில் சொல்லாமல் அட்டையை நகர்த்தினார். நேர் வெளியே திறந்த சாக்கடை. நாற்றமும் கொசுவும் உள்ளே வந்தன. "சாயங்காலம் ஆனா பிள்ளைங்க தூங்க முடியாது தம்பி" என்றார். அந்த ஜன்னல் திறக்க வேண்டுமென்றால் முதலில் சாக்கடை மூடப்பட வேண்டும். அது மருந்துச் சீட்டில் எழுதித் தரக்கூடிய விஷயமா?

ஏழைகளுக்கு மட்டும் இது பொருந்தும் என்று நினைத்துவிட வேண்டாம். 1967-ல் லண்டனில் அரசு அலுவலகங்களில் வேலை பார்த்த பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து ஒரு நீண்ட ஆய்வு தொடங்கினார்கள். எல்லோருக்கும் நிரந்தர வேலை, மாதச் சம்பளம், இலவச மருத்துவம். ஆனாலும் கடைநிலையில் இருந்தவர்கள் மாரடைப்பால் இறந்தது மேல்நிலை அதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கும் மேல். படியில் ஒவ்வொரு நிலை இறங்க இறங்க ஆபத்து ஏறியது. புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் சேர்ந்தும் அந்த வித்தியாசத்தில் பாதியைக்கூட விளக்க முடியவில்லை. தன் வேலையில் தனக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதுகூட இதயத்தைத் தொடுகிறது என்று அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின. ஆகவே ஒருவருக்கு நோய் வந்தால், "ஒழுங்காக இருந்திருக்கலாமே" என்று அவரையே குற்றம் சொல்லுமுன் நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2022 முதல், காசநோய் என்று உறுதியானவுடன் ஒவ்வொருவரின் எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், தாங்கலில்லாமல் நிற்க முடிகிறதா என்று ஐந்தையும் பார்க்கிறார்கள். ஐந்தேகால் அடி உயரமுள்ள ஒருவர் 35 கிலோதான் இருந்தால், அவர் மிகக் கடுமையான ஊட்டக்குறைவில் இருக்கிறார். மாத்திரையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் ஆபத்து. அவரை உடனே மருத்துவமனையில் சேர்க்க இந்த ஐந்து சோதனை போதும், பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். இதைச் செய்கிற செவிலியர்களையும் களப்பணியாளர்களையும் மனதாரப் பாராட்டுகிறேன்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சாப்பாட்டுக்காக மாதம் 1,000 ரூபாய் மத்திய அரசுத் திட்டத்தில் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும்; வராவிட்டால் கேளுங்கள். சிகிச்சை தொடங்கும் அன்று எடையைப் பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள், இரண்டு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். ஜார்க்கண்ட் ஆய்வில், அந்த இரண்டு மாதத்தில் 5 சதவீதம் எடை ஏறியவர்களுக்கு இறக்கும் ஆபத்து ஏறத்தாழ 60 சதவீதம் குறைவாக இருந்தது. 40 கிலோ இருப்பவருக்கு அது 2 கிலோதான். அந்த 2 கிலோ ஏறவில்லை என்றால், அடுத்த மாத மாத்திரைக்காகக் காத்திராமல் அன்றே போய் டாக்டரிடம் சொல்லுங்கள். வணக்கம்.