எச்சில் ஊறும்போது கால்சியம் எங்கிருந்து வருகிறது?

சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவம் படிக்கும் தங்கச்சி ஒருவர் படம் வரைந்து கேட்டிருக்கிறார். உமிழ்நீர்ச் சுரப்பிச் செல்லை, சப்ஸ்டன்ஸ் பி என்ற நரம்புப் பெப்டைடு தூண்டியதும் உள்ளே கால்சியம் ஏறுகிறதே, அது அந்தப் பெப்டைடு வந்து ஒட்டும் புரதமான ஏற்பி வழியாகவா நுழைகிறது என்பது கேள்வி. படத்தில் ஏற்பியின் நடுவே நீல மையில் ஓர் அம்புக்குறி.

அந்த அம்புக்குறியை அழித்துவிடுங்கள், அம்மா. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு, விடியலில் வேலைக்கு அழைக்கும் பெரட்டு மணி தெரியும். மணி அடிப்பவர் லயத்து வீட்டுக்குள் வந்து விளக்கேற்றுவதில்லை. சத்தம் கேட்டு உள்ளே இருப்பவர்களே எழுந்து ஏற்றுகிறார்கள். சப்ஸ்டன்ஸ் பி, செல்லின் மேலுள்ள என்.கே.1 ஏற்பியில் அமர்கிறது. ஏற்பி சற்றே உருமாறி, உட்புறமுள்ள ஜி புரதத்தை எழுப்புகிறது. அது பாஸ்போலைப்பேஸ் சி என்ற நொதியை முடுக்க, நொதி சவ்விலுள்ள ஒரு கொழுப்பை வெட்டி ஐ.பி.3 என்ற சிறு மூலக்கூறை விடுவிக்கிறது. அது எண்டோபிளாச வலையில் போய் ஒட்டியதும், அங்கே சேமித்திருந்த கால்சியம் கொட்டுகிறது.

இதை எப்படி நம்புவது? எலியின் பரோட்டிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பியின் செல்களைக் கால்சியமே இல்லாத கரைசலில் வைத்துத் தூண்டினாலும் உள்ளே கால்சியம் ஏறும். ஆனால் சீக்கிரமே இறங்கிவிடும். கிடங்கு காலியானதை ஸ்டிம்1 என்ற புரதம் உணர்ந்து, ஓராய்1 என்ற வாயிலைத் திறந்தால்தான் வெளிக் கால்சியம் வந்து சேரும். அது இரண்டாம் கட்டம்.

ஏறிய கால்சியம் குளோரைடு வாயில்களைத் திறக்கிறது. குளோரைடு உமிழ்நீர் நாளத்தின் பக்கம் போக, சோடியம் பின்தொடர, தண்ணீரும் போகிறது. மாங்காயை நறுக்கி உப்புப் பிசறி மங்கில் வைத்துப் பாருங்கள்; சற்று நேரத்தில் அடியில் நீர் தேங்கும். உப்பு நீரை இழுக்கும் அதே வேலைதான்.

எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று. சப்ஸ்டன்ஸ் பி 1931-இலேயே கண்டறியப்பட்டது. என்ன பொருள் என்றுதான் தெரியவில்லை. பல ஆண்டுகள் கழித்து, சூசன் லீமன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மாட்டு மூளைச் சாற்றில் வேறொரு ஹார்மோனைத் தேடினார். ஊசி போட்ட எலிகளுக்கு எச்சில் வழிந்தது. அதை விடாமல் துரத்தியதால் 1971-இல் அதன் 11 அமினோ அமில வரிசை கிடைத்தது!

நம் வாயில் முக்கியமாக மணி அடிப்பது அசெட்டில்கோலின். அதன் ஏற்பி எம்3. உள்ளே பாதை இதேதான். வாய் வறட்சிக்குக் கொடுக்கும் பைலோகார்பைன் மாத்திரையும் அந்த மணியைத்தான் அடிக்கிறது.