கூடம் கோணலா? சீட்டா ரிவேராவும் நம் பள்ளியின் புதிய அரங்கும்

(அமெரிக்காவில் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா ஒன்றுக்காக எழுதப்பட்ட உரை)

விழாத் தலைவர் அவர்களே, தமிழ்ச் சங்கத்தின் இந்நாள் முன்னாள் நிர்வாகிகளே, வார இறுதி ஓய்வைத் தமிழுக்குத் தந்துவிட்ட ஆசிரியப் பெருமக்களே, நாட்டிய ஆசிரியைகளே, நட்டுவாங்கம் செய்த அம்மையார் அவர்களே, கட்டடக் குழுவின் மதிப்பிற்குரிய பொருளாளர் அவர்களே, கொடையாளர்களே, சலங்கையை அவிழ்க்காமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் குழந்தைகளே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். பொன்னாடை போர்த்திய சங்கத்துக்கு நன்றி. பொருளாளர் அவர்கள் உரை முடியும்வரை இருக்க வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். இன்றைய செய்தியில் பெரும்பங்கு அவருக்குரியது.

மூன்று செய்திகளைச் சொல்ல வந்தேன். சீட்டா ரிவேரா என்ற மாபெரும் மேடைக் கலைஞரை உருவாக்கியவர்கள் யார். நியூயார்க்கின் புகழ்பெற்ற நாடக அரங்குகளான பிராட்வே மேடையில் அவர் செய்தது என்ன. அவருடைய பாத்திரங்கள் திரைப்படத்தில் யாருக்குப் போயின.

அதற்கு முன் ஒரு பழமொழி. "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்." கால் வலிக்கிறது என்று ஒரு குழந்தை முனகினால் போதும், நம் வீட்டுப் பெரியவர்கள் இதைச் சொல்லி வாயை அடைத்துவிடுவார்கள். ஆடத் தெரிந்தவள் கூடம் கோணல் என்று சொன்னால் என்ன செய்வது என்று பழமொழி சொல்லவில்லை. அதைத்தான் இன்று கேட்கப் போகிறேன்.

ரிவேரா 1933 ஜனவரி 23 அன்று வாஷிங்டனில் பிறந்தார். தந்தை போர்ட்டோ ரிக்கோ தீவைச் சேர்ந்தவர், அமெரிக்கக் கடற்படை இசைக்குழுவில் வாசித்தவர். மகளுக்கு ஏழு வயதானபோது அவர் இறந்தார். வீட்டுக்குள் தாவிக் குதித்து மேசையை உடைத்த பெண்ணை, பதினொரு வயதில், தாய் பாலே பள்ளியில் சேர்த்தார். டோரிஸ் ஜோன்ஸ், கிளேர் ஹேவுட் என்ற இரண்டு கறுப்பினப் பெண்மணிகள் 1941-இல் தொடங்கிய பள்ளி அது. கறுப்பினக் குழந்தைகளை மற்றப் பள்ளிகள் வாசலிலேயே நிறுத்திய காலம். அந்த அம்மையார்களுக்குத் தனியாக ஒரு விழா எடுக்கலாம்.

இனி வரும் நிகழ்ச்சியைக் குழந்தைகள் கவனமாகக் கேட்க வேண்டும். நியூயார்க்கில் ஜார்ஜ் பாலன்சைனின் பாலே பள்ளி நடத்திய தேர்வுக்கு, டோரிஸ் ஜோன்ஸ் தம் மாணவர் இருவரை அழைத்துப் போகிறார். ஒருவர் லூயி ஜான்சன், பிற்காலத்தில் பெயர் பெற்ற நடன இயக்குநர். இன்னொருவர் நம் ரிவேரா. பதினாறு, பதினேழு வயதிருக்கும். பாலேயில் விரல்நுனியில் நிற்கப் போடும் காலணி இருக்கிறதே, அதன் முனை துணியும் பசையும் அடுக்கடுக்காக ஒட்டி இறுகச் செய்தது. உள்ளே விரல்கள் நெருக்கி நிற்கும். வியர்வை ஊறித் தோல் மென்மையாகும், உராயும், கொப்புளம் எழும். ரிவேராவுக்கும் எழுந்தது. தேர்வின் நடுவே அது உடைந்து இரத்தம் கசிந்தது. அவர் நிற்கவில்லை, ஆடிக்கொண்டே இருந்தார். பாலன்சைன் பார்த்துவிட்டார். யார் இந்தப் பாலன்சைன்? நியூயார்க் சிட்டி பாலே என்ற நடனக் குழுவை நிறுவியவர்களில் ஒருவர். இருபதாம் நூற்றாண்டின் பாலேயை மாற்றி அமைத்தவர். அவர் நினைத்திருந்தால் "அடுத்தவர் வரலாம்" என்று சொல்லியிருக்கலாம். அவரோ அந்தப் பெண்ணை உட்கார வைத்து, காலைப் பார்த்து, தம் கையாலேயே கட்டுப்போட்டார். உதவித்தொகையோடு இடமும் கிடைத்தது. "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று அந்த மேதை சொல்லவில்லை ஐயா! காலைப் பார்த்தார். ஆசிரியப் பெருமக்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து மேடை. 1953-இல் 'கேன் கேன்' இசை நாடகத்தின் குழு நடனத்தில் இருந்தபோது, அதில் நட்சத்திரமாக உயர்ந்த க்வென் வெர்டன், பிறருக்கு மாற்று நடிகையாக நின்றுவிடாதே, உனக்கான பாத்திரத்தைத் தேடிப்போ என்று அவருக்கு அறிவுரை சொன்னார். 1957 செப்டம்பர் 26 அன்று விண்டர் கார்டன் அரங்கில் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' இசை நாடகம் தொடங்கியது. ரிவேரா அதில் அனிட்டா என்ற பாத்திரமாக நின்றார். நடன இயக்குநர் ஜெரோம் ராபின்ஸ் வழக்கத்தைவிட நீண்ட ஒத்திகை கேட்டு, எட்டு வாரம் வாங்கினார். எதிரெதிர்க் கும்பல்களாக நடிப்பவர்களை ஒத்திகைக் காலத்தில் ஒன்றாகப் பழகவும் விடவில்லை. அதில் 'அமெரிக்கா' என்ற பாட்டின் தாளத்தை நம் குழந்தைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். தகிட தகிட தக தக தக. எங்கே, கை தட்டுங்கள். மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு, கூட்டினால் பன்னிரண்டு. முதல் பாதியில் இரண்டு வீச்சு, பின் பாதியில் மூன்று குத்து. பழகாதவர்கள் பின் பாதியில் அவசரப்பட்டுத் தாளத்தை முந்துவார்கள். லண்டன் அரங்கேற்றம் அவருடைய பிரசவம் முடியும்வரை காத்திருந்தது. அவருக்கு அத்தனை மதிப்பு.

பிறகு 1960-இல் 'பை பை பேர்டி'யின் ரோஸி, 1975-இல் பாப் ஃபாசியின் 'சிகாகோ'வில் வெல்மா கெல்லி, 1984-இல், பிராட்வேயின் உயர் விருதான டோனியை முதல் முறை பெற்றுத் தந்த 'தி ரிங்க்'. மொத்தம் பத்து முறை டோனிக்குப் பரிந்துரைக்கப்பட்டு, இரண்டு முறை வென்றார். 2018-இல் வாழ்நாள் சாதனைக்கான டோனியும் வந்தது. ஒவ்வொரு நாடகத்தையும் விரிக்க நேரம் இல்லை.

நான் சொல்ல விரும்புவது எண்ணிக்கை பற்றி. பிராட்வேயில் வாரத்துக்கு எட்டுக் காட்சிகள். ஆறு நாளில் எட்டு முறை அதே தாவலைத் தாவி, அதே முழங்காலில் இறங்க வேண்டும். மனஉறுதி மட்டும் இதைத் தாங்காது. காலுக்குக் கீழே இருக்கும் தளமும் தாங்க வேண்டும். நடிகர் சங்கமான ஈக்விட்டி, கான்கிரீட் மேல் ஆட வைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறது. ஆடத் தெரிந்தவர்கள் ஒன்றுகூடிக் கூடம் கோணல் என்றார்கள். முதலாளிகள் கையெழுத்துப் போட்டார்கள்.

1986 ஏப்ரலில் மன்ஹாட்டனில் நடந்த கார் விபத்தில் ரிவேராவின் கால் பன்னிரண்டு இடங்களில் முறிந்தது. திருகாணிகள் வைத்து எலும்பைச் சேர்த்தார்கள். வயது 53. இரண்டே ஆண்டில், 1988-இல், 'கேன் கேன்' பயண நாடகத்தில் மீண்டும் ஆடினார். 1993-இல் 'கிஸ் ஆஃப் தி ஸ்பைடர் வுமன்' வந்தபோது வயது 60. இரண்டாவது டோனி அதற்குத்தான். காலை உயரத் தூக்கிய இடத்தில் இப்போது தோளும் கையும் நின்ற நிலையும் வேலை செய்தன. 82 வயதில், 2015-இல், 'தி விசிட்'டில் மேடையேறினார். 2024 ஜனவரி 30 அன்று, 91 வயதில் மறைந்தார். அறுபது ஆண்டுக்கு மேல் ஆடிய அந்தக் காலை நம் பிள்ளைகளின் காலோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது செய்தி திரைப்படம். அனிட்டாவாக நடித்த ரீட்டா மொரீனோவும், வெல்மாவாக நடித்த கேத்தரின் ஜீட்டா ஜோன்ஸும் ஆஸ்கர் பெற்றார்கள். அதைவிட அவசரமானது நம் புதிய பள்ளியின் அரங்கு. வரைபடத்தில் கான்கிரீட் மேல் டைல்ஸ் என்று இருக்கிறது.

பரதத்தின் தட்டடவில், முழங்கால் மடித்த அரைமண்டியில் இருந்து முழுப் பாதமும் தட்டையாக விழுகிறது. காலணி கிடையாது. கான்கிரீட் நெகிழாது, அந்த அடி கணுக்கால் வழியாக முழங்காலுக்குக் கீழே உள்ள முன்புற எலும்புக்கு ஏறும். முதலில் எலும்பின் உள்விளிம்பு நெடுக வலிக்கும். பொருட்படுத்தாமல் ஆடினால் மயிரிழை விரிசல் விழலாம். ஒரே புள்ளியில் அழுத்தினால் வலி, இரவில் படுத்தாலும் வலி என்றால் மருத்துவரிடம் போக வேண்டும், தைலம் போதாது.

செய்ய வேண்டியது பெரிய வித்தையில்லை. அரங்கு நாற்பதுக்கு முப்பது, அதாவது 1,200 சதுர அடி. கான்கிரீட் மேல் ஈரம் ஏறாமல் தடித்த பாலித்தீன் விரிக்க வேண்டும். அதன்மேல் முக்கால் அங்குல உயரமுள்ள கெட்டியான நுரைக்கட்டைகள், அடிக்கு ஒன்றாக, ஏறத்தாழ 1,300. நுரை மென்மையாக இருந்தால் தளம் தள்ளாடிக் கணுக்கால் பிசகும். இடைவெளி அதிகமானால் சில இடம் பள்ளமாகவும் சில இடம் கல்லாகவும் நிற்கும். மேலே அரை அங்குல ஒட்டுப்பலகை, அதாவது ப்ளைவுட், இரண்டு அடுக்கு. நான்குக்கு எட்டுப் பலகை, அடுக்குக்கு 38 வேண்டும், வெட்டுச் சேதத்தோடு 40 வாங்கலாம். கீழ் அடுக்கின் இணைப்பின் மேல் மேல் அடுக்கின் இணைப்பு வரக் கூடாது. வந்தால் அங்கேதான் முதலில் விரியும். திருகாணி ஓர் அங்குலத்துக்குக் குறைவாக இருக்கட்டும். நீண்டால் அடியில் துருத்திக் கான்கிரீட்டில் டக் டக் என்று இடிக்கும். தலை பலகைக்குள் புதைய வேண்டும், ஆடுவது வெறுங்கால். சுவரை ஒட்டி அரை அங்குலம் விட வேண்டும், மரம் கோடையில் உப்பும். ஓரச் சட்டத்தைச் சுவரில் அடியுங்கள், தளத்தில் அடிக்காதீர்கள். பலகைகளை இரண்டு நாள் அதே அறையில் கிடத்தி வைத்த பிறகே பதிக்க வேண்டும்.

மேலே முக்கால் அங்குல மரப்பட்டிகள் சேர்த்தால் மொத்த உயரம் இரண்டரை அங்குலம். கதவுகளை இப்போதே அந்த அளவுக்கு உயர்த்தி வரையச் சொல்லுங்கள். சக்கர நாற்காலிக்கு வாசலில் சரிவும் வேண்டும். டைல்ஸ் ஒட்டிய பிறகு இதைச் செய்தால் இரட்டைச் செலவு. பொருளாளர் அவர்களே, டைல்ஸுக்கு ஒதுக்கிய தொகையை எடுத்து, இந்தக் கணக்கை அடுத்த குழுக் கூட்டத்தில் முதல் பொருளாக வைக்க வேண்டும். கொடையாளர்கள் ஆளுக்கொரு பலகை என்று பெயர் கொடுக்கலாம். எண்பது பெயர் வந்தால் இரண்டு அடுக்கும் ஆகிவிடும். பதிவேடு வாசல் மேசையில் இருக்கிறது. வணக்கம்.