ஆமிஷ் வீட்டு வாசலில் ஒரு வெளியாள்

[திரை: வயல்வெளிச் சாலை. சாம்பல் நிறக் குதிரை வண்டியொன்று நம்மைவிட்டு விலகிப் போகிறது. கையால் வரைந்த ஓவியம்.]

அமெரிக்காவில் சொந்தக் கார், மின்சாரம் போன்றவற்றை ஒதுக்கி வாழும் கிறிஸ்தவச் சமூகம் ஆமிஷ். இந்த வீடியோவில் ஓர் ஆமிஷ் முகம்கூட வராது. திரையில் வருவதெல்லாம் வரைந்த படங்கள்தான். முகம் தெரியும்படி புகைப்படத்துக்கு நிற்பதை அவர்கள் விரும்புவதில்லை. உருவங்களை உண்டாக்காதே என்ற பைபிள் கட்டளை ஒரு காரணம். தன் முகத்தைத் தானே ரசிக்கத் தொடங்கினால் கர்வம் வந்துவிடும் என்ற அச்சம் இன்னொரு காரணம். ஆமிஷ் குடும்பத்தோடு நட்பாக வேண்டும் என்று நினைப்பவர் முதலில் கேமராவைப் பைக்குள் போட்டுவிட வேண்டும். பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் பகுதியில் அவர்களை வேடிக்கை பார்க்க ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். அந்தக் கூட்டத்தில் இன்னும் ஒருவராகச் சேர்வதில் என்ன இருக்கிறது?

[திரை: வரைபடம். சுவிட்சர்லாந்திலிருந்து பென்சில்வேனியாவுக்கு ஒரு கோடு.]

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1693 வாக்கில் யாக்கோப் அம்மான் என்ற சபைத் தலைவரைப் பின்பற்றிப் பிரிந்த கிறிஸ்தவர்கள் இவர்கள். ஆமிஷ் என்ற பெயரே அவருடைய பெயரிலிருந்து வந்ததுதான். பதினெட்டாம் நூற்றாண்டில் கடல் கடந்து அமெரிக்கா வந்தார்கள். இன்று ஏறத்தாழ நான்கு லட்சம் பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பென்சில்வேனியா, ஒஹாயோ, இண்டியானா ஆகிய மூன்று மாநிலங்களில் வாழ்கிறார்கள். வீட்டில் பேசுவது ‘பென்சில்வேனியா டச்சு’. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது ஜெர்மன் மொழியின் ஒரு வட்டார வழக்கு. பள்ளியில் ஆங்கிலம் படிப்பதால் நம்மோடு பேசுவதில் சிக்கல் இல்லை.

தங்கள் சபையைச் சேராத எவரையும் அவர்கள் ‘இங்கிலீஷ்’ என்றே சொல்வார்கள். பக்கத்துப் பண்ணைக்காரரும் இங்கிலீஷ்தான், மதுரையிலிருந்து போய் நிற்கிற தமிழரும் இங்கிலீஷ்தான். அதை மாற்ற முயல வேண்டாம். அவர்களைப் போலத் தொப்பியும் தோள்பட்டி வைத்த கால்சட்டையும் மாட்டிக்கொண்டு போய் நிற்பவரைவிட, நான் வெளியாள்தான் என்று ஒப்புக்கொண்டு போகிறவரிடம் அவர்கள் இயல்பாகப் பழகுவார்கள்.

[திரை: வீட்டு வாசலில் ஒரு சிறு கடை. மேசைமேல் தக்காளி, ரொட்டி, பீட்ரூட் ஊறுகாய்ப் புட்டிகள், ஒரு பணப்பெட்டி.]

பழக்கம் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. பல வாசல்களில் கடையைப் பார்த்துக்கொள்ள ஆளே இருப்பதில்லை. வேண்டியதை எடுத்துக்கொண்டு பெட்டியில் பணத்தைப் போட வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை விற்பனை இல்லை என்று ஒரு பலகை தொங்கும். ஒரே வீட்டில் வாரம் தவறாமல் வாங்குங்கள். நான்காவது வாரமோ ஐந்தாவது வாரமோ, போன வாரம் காணோமே என்று யாராவது கேட்பார்கள். அப்போது ‘உங்களுக்கு மின்சாரம் இல்லாமல் எப்படி?’ என்று ஆரம்பித்துவிடாதீர்கள். ஆயிரம் பேர் கேட்டுச் சலித்த கேள்வி அது. மழையைப் பற்றிக் கேளுங்கள், மாட்டைப் பற்றிக் கேளுங்கள்.

[திரை: பெரிய வேன். பக்கத்தில் தொப்பிகளும் கூடைகளும்.]

இப்போது காருக்கு வருகிறேன். ஆமிஷ் மக்கள் கார் வைத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் அடுத்தவர் காரில் ஏறிப் போகலாம். இதைக் கேட்டதும் போலித்தனம் என்று சிரிப்பவர்கள் உண்டு. கொஞ்சம் நின்று யோசித்தால் அதன் கெட்டிக்காரத்தனம் புரியும். ஒரு சபையில் இருபத்தைந்து முதல் நாற்பது குடும்பங்கள்தான் இருக்கும். அவர்களுக்குத் தேவாலயக் கட்டடம் கிடையாது. ஒரு ஞாயிறு விட்டு மறு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் வழிபாடு நடக்கும். எல்லோரும் குதிரை வண்டி எட்டும் தூரத்தில் இருந்தால்தான் இது நடக்கும். கொட்டகையில் சொந்தக் கார் நின்றால் நினைத்தபோதெல்லாம் கிளம்பிவிடத் தோன்றும், குடும்பங்கள் திசைக்கொன்றாகச் சிதறிவிடும். வாடகைக் கார் என்றால் கேட்க வேண்டும், காத்திருக்க வேண்டும், காசு கொடுக்க வேண்டும். அந்தத் தொந்தரவைத்தான் அவர்கள் வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள்.

ஆகவே வெளியாட்களில் அவர்கள் வாழ்க்கையை மிக நெருங்கிப் பார்ப்பவர் ஓட்டுநர்தான். பல் மருத்துவரிடம் போக, வேறு மாநிலத்தில் கல்யாணம் என்றால் போக, சாவு என்றால் விடிவதற்குள் போய்ச் சேர, அவரைத்தான் கூப்பிடுவார்கள். லான்காஸ்டரிலிருந்து ஒஹாயோவின் ஹோம்ஸ் மாவட்டத்துக்குப் போவதென்றால் பல மணி நேரம் வேனுக்குள்தான். முன் இருக்கையில் பாட்டி, பின்னால் மூன்று தலைமுறை, மடியில் சாப்பாட்டுக் கூடை. யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யார் பசு சினையாக இருக்கிறது என்று பேச்சு ஓடும். பிறகு பேச்சு ஓட்டுநர் பக்கம் திரும்பும். உங்கள் அம்மா எங்கே இருக்கிறார்? தனியாகவா? ஏன்? ஆமிஷ் பண்ணைகளில் பெரியவர்கள் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, அதே வளவில் ‘டாடி ஹவுஸ்’ என்ற சிறு வீட்டுக்குக் குடிபோவது வழக்கம். அம்மா தனியாக இருக்கிறார் என்பது அவர்களுக்கு உண்மையிலேயே புரியாது. வேடிக்கை பார்க்கப் போனவர் பதில் சொல்லத் திணறுவது அந்த இடத்தில்தான்.

[திரை: ஏலக் கூட்டம். சேறு படிந்த காலணிகள்.]

கார் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. லான்காஸ்டரில் குளிர்காலம் முடியும் தறுவாயில் தன்னார்வத் தீயணைப்பு நிலையங்களுக்காக ஏலங்கள் நடக்கும். பனி கரைந்து தரையெல்லாம் சேறாக இருப்பதால் அவற்றுக்குச் ‘சேற்று ஏலம்’ என்றே பொருள்படும் பெயர். ஆமிஷ் பெண்கள் தைத்த மெத்தை விரிப்புகள், குதிரைகள், மரச்சாமான்கள் எல்லாம் ஏலத்துக்கு வரும். ஆமிஷ் ஆண்கள் பலர் அந்தத் தீயணைப்புப் படைகளில் சேர்ந்திருக்கிறார்கள். அங்கே பெஞ்சு தூக்க ஓர் ஆள் எப்போதும் தேவை.

[திரை: நீண்ட மேசை. ரொட்டி, ஊறுகாய், காப்பி.]

வழிபாட்டுக்கே அழைத்தால் உங்களை நம்பத் தொடங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். முதுகு சாய இடமில்லாத பெஞ்சில் மூன்று மணி நேரம், ஜெர்மனில் பாட்டும் பிரசங்கமும். ஒரே பாட்டு இருபது நிமிடம்வரை நீளும். முடிந்ததும் ரொட்டியில் தடவிய இனிப்பு வேர்க்கடலைப் பசையும் ஊறுகாயும் கிடைக்கும். சாப்பிடும் முன்பும் பின்பும் மௌனமாகத் தலைகுனிவார்கள். அவசரப்பட்டுக் கரண்டியைத் தொட்டுவிடாதீர்கள்.

ஒரு எல்லையும் உண்டு. அதை மறைப்பது நியாயமல்ல. வயது வந்த பிறகு தாமாக முன்வந்து ஞானஸ்நானம் பெற்றவர், பின்னால் சபையை விட்டுப் போனால் அவரோடு ஒரே மேசையில் சாப்பிட மாட்டார்கள். பெற்ற மகனாக இருந்தாலும் அப்படித்தான். எனக்கு இது உறுத்துகிறது. உங்களுக்கும் உறுத்தலாம். ஆனால் அந்த வீட்டுப் பதினேழு வயதுப் பையனிடம் ரகசியமாகக் கைபேசி கொடுத்துவிட்டு, மறுநாள் அவன் தாயிடம் ரொட்டி வாங்கப் போவது நட்பாகாது.

[திரை: வயலோரம் தொலைபேசிக்கென்று ஒரு சிறு மரக் கொட்டகை.]

பல குடியிருப்புகளில் தொலைபேசி வீட்டுக்கு வெளியே இப்படி ஒரு கொட்டகையில் இருக்கும். செய்தி சொல்லி வைத்தால், அந்தப் பக்கம் போகும்போது யாராவது கேட்டுவிட்டுத் திருப்பிக் கூப்பிடுவார்கள். கடிதம் போட்டால் பதில் கட்டாயம் வரும். சில குடியிருப்புகளில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவதில்லை. ஊருக்கு ஓடுவது ‘வேக நேரம்’, அவர்களுக்கு ஓடுவது ‘மெது நேரம்’. ஐந்து மணிக்குச் சாப்பிட வாருங்கள் என்று சொன்னால், எந்த ஐந்து மணி என்று மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.