80 பென்னித் தங்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

1344 ஜனவரியில் இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்ட் ஒரு தங்கக் காசு வெளியிட்டார். சிங்காசனத்தில் அரசர், இருபுறமும் சிறுத்தை. மதிப்பு 6 ஷில்லிங், அதாவது 72 பென்னி. உள்ளே இருந்த தங்கத்துக்கு அந்த விலை அதிகம் என்று வணிகர்கள் கைநீட்டவில்லை. ஆகஸ்டிலேயே அதைக் கைவிட நேர்ந்தது. அடுத்து வந்ததுதான் நோபிள்: கப்பலில் வாளும் கேடயமுமாக நிற்கும் அரசர்.

நோபிளின் மதிப்பு 80 பென்னி. கணக்கெழுதுவோருக்கு இதைவிட வசதியான தொகை கிடையாது. 240 பென்னி கொண்ட ஒரு பவுண்டில் சரியாக மூன்றில் ஒன்று, 160 பென்னி கொண்ட மார்க் என்ற கணக்கு அலகில் சரிபாதி. அதனால் 1464 வரை இந்த மதிப்பு அசையவில்லை, எடைதான் இறங்கியது. முதலில் 8.97 கிராம், 1346இல் 8.33, 1351இல் 7.78, 1412இல் 7. எடையைக் குறைக்கக் காரணம் உண்டு: கடல்கடந்து கூடுதல் விலை கிடைத்தால் காசடிக்கும் அக்கசாலைக்குத் தங்கம் வராது, அடித்த காசும் கப்பலேறிவிடும். ஆனால் மாற்றில் யாரும் கைவைக்கவில்லை. 24 கேரட்டுக்கு அரைக்கால் கேரட்தான் குறைவு.

செய்முறைக்கு வருவோம். உருக்கிய தங்கத்தைப் பாளமாக வார்த்து, தகடாகத் தட்டி, கத்தரியால் வில்லை வெட்டி, நிறுத்துச் சரிசெய்வார்கள். தட்டத் தட்டத் தங்கம் விறைக்கும். இடையிடையே காய்ச்சாவிட்டால் ஓரம் வெடிக்கும். அடியச்சு மரக்கட்டையில் முளைபோல் இறங்கியிருக்கும். அதன்மேல் வில்லை, அதன்மேல் மேலச்சு, பிறகு சம்மட்டி. நேரடி அடி வாங்குவதால் மேலச்சு சீக்கிரம் தேயும். ஆகவே ஓர் அடியச்சுக்கு இரண்டு மேலச்சு கொடுப்பது வழக்கம். அச்சில் எழுத்துகளைச் செதுக்குவதில்லை. சின்ன முத்திரை உளிகளால் பதிப்பார்கள். உளி முனை உடைந்தால் அதே உடைசல் அடுத்தடுத்த அச்சுகளிலும் வரும். காசுகளைக் கால வரிசைப்படுத்த இது அருமையான தடயம்.

1351ஆம் ஆண்டு நோபிளைக் கையில் எடுத்தால் அகலம் ஏறத்தாழ 34 மில்லிமீட்டர், கனம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. எளிதில் வளையும். எழுத்து மங்கியிருந்தால் உடனே தேய்மானம் என்று முடிவுகட்ட வேண்டாம். தேய்மானம் மேடுகளைத்தான் தின்னும். முகத்தில் மங்கிய இடத்துக்கு நேர் பின்புறமும் மங்கலாக இருந்தால், தகடு அங்கே மெலிந்திருந்தது, அடி சரியாக விழவில்லை. ஓரத்து மணிவரிசை ஒருபக்கம் காணாமல் போயிருந்தால் எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே வெற்றுத் தங்கம் அகலமாக மிஞ்சியிருந்தால் அச்சு விலகியிருக்கிறது. அங்கும் மணிகள் இல்லை, எடையும் குறைகிறது என்றால் யாரோ ஓரத்தை நறுக்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் இது உயிரைப் பறிக்கும் குற்றம்.

1464இல் நான்காம் எட்வர்ட் நோபிளை 100 பென்னிக்கு உயர்த்தினார். பழகிப்போன 80 பென்னிக்குக் காசு இல்லாமல் போனது. மறு ஆண்டே ஏஞ்சல் என்ற புதுத் தங்கக் காசு வந்தது: அதே 80 பென்னி, தங்கம் 5.18 கிராம்.