40,000-ல ஒண்ணு: எதை வெச்சுக்கறது, எதை விடறது?

[திரை: இருட்டு. கண்ணாடி அறைக்குள்ள மெல்லிய வெள்ளைக் கோடு ஒண்ணு தோன்றி, கலைஞ்சு மறையுது.]

1932. கேம்பிரிட்ஜ், கேவண்டிஷ் ஆய்வகம். பேட்ரிக் பிளாக்கெட், ஜியுசெப்பே ஒக்கியாலினி, ரெண்டு பேர். முன்னாடி ஒரு மேக அறை, அதாவது நீராவி நிரம்பின கண்ணாடி அறை. விண்வெளியிலிருந்து வர்ற காஸ்மிக் கதிர் உள்ளே புகுந்து போனா, போன வழி நெடுக நுண்துளிகள் கோர்த்து ஒரு கோடு விழும். கொஞ்ச நேரத்தில கலைஞ்சிடும். அதுக்குள்ள போட்டோ எடுத்தாகணும். ஆனா கதிர் எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? அதுவரைக்கும் குத்துமதிப்பா படம் எடுத்துத் தள்ளிக்கிட்டிருந்தாங்க. பெரும்பாலான படத்தில ஒண்ணுமே இருக்காது.

இவங்க என்ன செஞ்சாங்கன்னா, அறைக்கு மேல, கதிர் பட்டா மின்துடிப்பு தர்ற கைகர் கவுண்டர் ஒண்ணு, கீழே ஒரு கைகர் கவுண்டர். ரெண்டும் ஒரே சமயத்தில துடிச்சா மட்டும் அறை விரியும், கேமரா படம் எடுக்கும். சேர்ந்து துடிக்குதான்னு கண்டுபிடிக்கிற சர்க்யூட்டை 1930-ல உருவாக்கியவர் புரூனோ ரோஸ்ஸி. அந்த வித்தையை ஃபிளாரன்ஸ்ல கத்துக்கிட்டு கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தவர் ஒக்கியாலினி. வர்ற கதிரே தன்னைப் படம் எடுத்துக்கிற மாதிரி ஆச்சு.

எதைப் பதியணும்னு தீர்மானிக்கிற இந்த ஏற்பாட்டுக்குப் பேருதான் ட்ரிக்கர். இப்ப இதையே ஜெனீவா பக்கம், புரோட்டான்களை மோதவிடற எல்.எச்.சி. இயந்திரத்துக்குக் கொண்டுபோவோம்.

[திரை: எல்.எச்.சி. வளையத்தின் வரைபடம். 27 கிலோமீட்டர். பிரான்ஸ் பக்கம் ஒரு புள்ளி மின்னுது: செஸ்ஸி.]

செஸ்ஸி கிராமத்துக்குக் கீழே, சுமார் 100 மீட்டர் ஆழத்தில சி.எம்.எஸ்., மோதல்ல பிறக்கிற துகள்களைப் பதியற டிடெக்டர். 21 மீட்டர் நீளம், 15 மீட்டர் விட்டம், 14,000 டன். அதோட நடுவில புரோட்டான் கொத்துகள் 25 நானோவிநாடிக்கு ஒரு தடவை எதிரெதிரா வந்து கடக்குது. விநாடிக்கு 4 கோடி தடவை வரைக்கும்.

25 நானோவிநாடின்னா எவ்வளவு? அந்த நேரத்தில ஒளி போகிற தூரம் ஏழரை மீட்டர். டிடெக்டரோட நடுவிலிருந்து வெளிச்சுற்று வரைக்கும் அதே ஏழரை மீட்டர்தான். அதாவது, இந்த மோதல்ல பிறந்த துகள் வெளிச்சுற்றைத் தொடும்போது உள்ளே அடுத்த மோதல் ஆரம்பிச்சாச்சு!

கொத்துகள் ஒரு தடவை கடக்கறதுக்கான தகவல் ஏறக்குறைய 1 மெகாபைட்னு வெச்சுக்குங்க. 4 கோடியால பெருக்கினா விநாடிக்கு 40 டெராபைட். எந்தக் கிடங்கும் தாங்காது. அதனால தூக்கிப் போட்டே ஆகணும். போட்டது போட்டதுதான், திரும்ப வராது. இந்த இயற்பியல்ல மிகப் பெரிய முடிவுகள் கட்டுரை எழுதும்போது எடுக்கிறது இல்லை, இங்கேதான் எடுக்கிறாங்கன்னு நான் உறுதியா நம்பறேன்.

[திரை: கடிகாரம். 4 மைக்ரோவிநாடி.]

முதல் கட்டத்துக்குப் பேரு லெவல் 1. இதுக்குக் கிடைக்கிறது சுமார் 4 மைக்ரோவிநாடி. அதிலயும் முழுசா கைக்கு வராது. ஒளியிழையில 1 மீட்டர் போகவே 5 நானோவிநாடி ஆகும். போக 100 மீட்டர், வர 100 மீட்டர்னு வெச்சாலே 1 மைக்ரோவிநாடி கம்பியிலயே கரைஞ்சிடும்.

சரி, ஒரு மோதலுக்கு முடிவு சொல்ல 4 மைக்ரோவிநாடி ஆகும்போது, 25 நானோவிநாடிக்கு ஒண்ணு வந்து குவிஞ்சா எப்படிச் சமாளிக்கறது? கல்யாணப் பந்தியை நினைச்சுப் பாருங்க. ஒரு இலைக்கு எல்லாம் பரிமாறி முடிக்க நேரமாகும். ஆனா சோறு போடறவர் ஒரு இலையில போட்டுட்டு நிக்கறது இல்லை, அடுத்த இலைக்கு நகர்ந்திடுவார். பின்னாடியே சாம்பார் வரும், அதுக்குப் பின்னாடி பொரியல். ஒவ்வொருத்தருக்கும் ஒரே வேலை, யாரும் நடுவில நின்னு யோசிக்கக் கூடாது. லெவல் 1-ம் அப்படித்தான். சாதாரண கம்ப்யூட்டர் இல்லை. உள் இணைப்புகளை வேண்டியபடி மாத்தி அமைச்சுக்கக்கூடிய எஃப்.பி.ஜி.ஏ. சிப்புகள். எந்தக் கணத்திலும் 160 மோதல்களோட தகவல் வெவ்வேறு நிலையில நகர்ந்துகிட்டே இருக்கும். அதுவரைக்கும் முழுத் தகவலும் டிடெக்டர் பக்கத்திலேயே வரிசையில காத்திருக்கும்.

இந்த அவசரத்தில எல்லாத்தையும் பார்க்க முடியாது. துகள்களோட தடத்தைப் பதியற டிராக்கர்ல கோடிக்கணக்கான சேனல்கள். அதை இங்கே தொடவே மாட்டாங்க. ஆற்றலை அளக்கிற கலோரிமீட்டர், எலக்ட்ரானோட கனமான உறவுக்காரரான மியூவானைப் பிடிக்கிற அறைகள், இந்த ரெண்டும்தான். அதுவும் மேலோட்டமா. 'மியூவான் ஒண்ணு 22 ஜி.இ.வி.க்கு (துகள் ஆற்றலோட அலகு) மேல இருக்கா? ரெண்டு இடத்தில பெரிய ஆற்றல் கொட்டியிருக்கா?' இப்படி நூற்றுக்கணக்கான கேள்விகள். இந்தப் பட்டியலுக்கு அங்கே பேரே 'மெனு'. ஒரு கேள்விக்காவது ஆமாம்னு வந்தா அந்த மோதல் தப்பிச்சுது. அதிகபட்சம் விநாடிக்கு 1 லட்சம்தான் மேலே போகும்.

[திரை: தரைக்கு மேலே, கம்ப்யூட்டர் அடுக்குகள்.]

மேலே ரெண்டாவது கட்டம். இது நிஜமான மென்பொருள். ஒரு மோதலுக்குச் சராசரியா அரை விநாடிக்கும் குறைவான நேரம். லெவல் 1-ஓட ஒப்பிட்டா இது பெரிய நிம்மதி. இங்கே டிராக்கரையும் பார்க்கலாம். ஆனா எடுத்த எடுப்பில இல்லை. செலவு குறைஞ்ச சோதனை முதல்ல, அதுல தேறினாதான் தடங்களைக் கோர்க்கிற கனமான வேலை. 2022-லிருந்து இதுல ஒரு பகுதியை கிராஃபிக்ஸ் சிப்புகள் செய்யுது. கடைசியா முழுசா சேமிக்கப்பட்டு வந்தது, 2018 வரைக்கும், விநாடிக்கு ஆயிரம் சொச்சம். 40,000-க்கு ஒண்ணு.

2012 ஜூலை 4 அன்னிக்கு ஹிக்ஸ் துகளை அறிவிச்சாங்களே, அந்த ஹிக்ஸ் ரெண்டு ஃபோட்டானா, அதாவது ஒளித்துகளா, சிதையறது ஏறக்குறைய 440-ல ஒண்ணுதான். அந்த ரெண்டு ஃபோட்டானுக்கும் மெனுவில இடம் இருந்ததாலதான் அது சிக்குச்சு.

அப்போ மெனுவில இல்லாதது? இங்கேதான் எனக்கு மனசு அடிச்சுக்கும். நாம கேட்காத கேள்விக்கு டிடெக்டர் பதில் சொல்லாது. அங்கே இருக்கிறவங்களுக்கும் இதே கவலை. அதனால தரம் பார்க்காம சில மோதல்களைக் கண்ணை மூடிக்கிட்டு எடுத்து வைக்கிறாங்க. குறைஞ்ச வரம்பு உள்ள கேள்விகளைத் தூக்கிப் போடாம, பல நூறுல ஒண்ணுன்னு எடுக்கிறாங்க. அதுக்குப் பேரு ப்ரீஸ்கேல். 2018-ல, புரோட்டான் கற்றையோட வலு குறையற நேரமாப் பார்த்து வரம்பைத் தாழ்த்தி, ஏறக்குறைய 1000 கோடி மோதல்களை, உடனே அலசாம, அப்புறம் பார்த்துக்கலாம்னு கிடப்பில வெச்சாங்க.

[திரை: வளையத்தில கொத்துகளுக்கு நடுவே உள்ள வெற்றிடங்கள் மட்டும் ஒளிருது.]

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணு. புதுசா ஒரு கனமான துகள் பிறந்து, மெதுவா நகர்ந்து, டிடெக்டரோட உலோகத்துக்குள்ளேயே நின்னுபோச்சுன்னா? சில நிமிஷமோ சில மணி நேரமோ கழிச்சு அங்கேயே சிதைஞ்சா? மோதலைப் பார்த்துத் துடிக்கிற எந்தக் கேள்வியும் அதைப் பிடிக்காது. அதுக்காகவே சி.எம்.எஸ்.ல தனி ட்ரிக்கர் இருக்கு. புரோட்டான் கொத்து எதுவும் கடக்காத இடைவெளிகள்ல மட்டும் அது காது கொடுத்துக் கேட்கும்.

இதுவரைக்கும் அப்படி ஒரு துகள் சிக்கலை. அந்த அமைதியில வந்து துடிக்கறது டிடெக்டரோட இரைச்சல், அப்புறம் 100 மீட்டர் மண்ணையும் பாறையையும் துளைச்சுக்கிட்டு இறங்கற காஸ்மிக் கதிர் மியூவான்கள். 1932-ல பிளாக்கெட்டும் ஒக்கியாலினியும் ரெண்டு கவுண்டரை வெச்சுக் காத்திருந்தது இதுக்காகத்தான். செஸ்ஸில இதை அடையாளம் கண்டு ஒதுக்கி வைக்கிறாங்க.