காட்டு வாழையை விதையில் எழுப்புவது

வணக்கம் நேயர்களே. சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை முடிந்து காடு தொடங்கும் ஓரங்களில், மண் சரிந்த மேட்டிலும் ஓடைக்கரையிலும் வாழை கூட்டமாக நிற்கும். பிசாங் ஊத்தான், அதாவது காட்டு வாழை, உதவாது என்று பாராங் கத்தியை ஓங்குகிறோம். காயில் சதை கொஞ்சம், கல் மாதிரி கறுப்பு விதை நிறைய. கடித்தால் பல்லுக்குத்தான் கேடு. ஆனால் நாம் உரித்துச் சாப்பிடும் பிசாங் மாஸும் பெராங்கானும் இதே மூசா அக்குமினாட்டா இனத்தில் வந்தவை. 2012-ல் வாழையின் மரபணுத் தொகுதியை முதன்முதலில் படித்தபோது எடுத்துக்கொண்ட செடியும் இந்த இனம்தான், அந்தச் செடியின் பெயர் பகாங்.

காட்டில் நிற்பதெல்லாம் அக்குமினாட்டா அல்ல. பூ ஊதா நிறமாக வானம் பார்த்து நிமிர்ந்திருந்தால் அது வேறு இனம், மூசா வயலாசென்ஸ். அக்குமினாட்டாவின் பூ தொங்கும். மடல் விரிந்ததும் பின்பக்கம் சுருண்டுகொள்ளும். தண்டில் கரும்பழுப்புத் திட்டு இருக்கும். இலைக்காம்பின் பள்ளம் வாய் திறந்திருக்கும்.

மடல் அந்தியில் விரியும், வௌவால் தேனுக்கு வரும். பத்துமலைக் குகையில் அடையும் தேன் வௌவாலும் வாழைப்பூவைத் தேடுகிற சாதிதான். மகரந்தம் சேராத காய் சூம்பிப் போகும், விதையும் இருக்காது. ஆகவே தனியாக நிற்கும் மரத்துக் காயை அழுத்திப் பாருங்கள். உள்ளே உருண்டை தட்டுப்படாவிட்டால் விட்டுவிடுங்கள்.

மஞ்சளாகப் பழுத்ததையே எடுங்கள். சதையைப் பிசைந்து, மணலோடு தேய்த்து, நாலைந்து தண்ணீரில் கழுவுங்கள். சதை ஒட்டியிருந்தால் பூஞ்சை பிடிக்கும். மிதக்கும் விதை பெரும்பாலும் பதராக இருக்கும், மூழ்கியதை வைத்துக்கொள்ளுங்கள். காயவைத்துச் சேமிக்காமல், அந்த வாரமே விதையுங்கள்.

மண் ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு கலந்து நாற்றுத் தட்டில் நிரப்புங்கள். விதையை ஒரு சென்டிமீட்டருக்குமேல் புதைக்கவேண்டாம். பலர் தவறுவது இங்கேதான்: தட்டை வீட்டுக்குள்ளோ அடர்ந்த நிழலிலோ வைத்துவிடுவார்கள். பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறிப் பட்டால்தான் இந்த விதை நன்றாக விழிக்கும். காட்டில் மரம் சாய்ந்து வெயில் தரையில் விழும்போது நடப்பதும் இதுவே. எனவே தட்டை வெளியில், காலை வெயில் விழும் இடத்தில் வையுங்கள். மேல்மண் காயாமல் தெளித்தால் போதும்; தேங்கினால் அழுகும். மூன்று வாரத்திலும் முளைக்கும், மூன்று மாதமும் இழுக்கும். தட்டைக் கொட்டிவிடாதீர்கள். எலி வராமல் மேலே கம்பிவலை போடுங்கள். நாலு இலை விட்டதும் பாலித்தீன் பைக்கு மாற்றலாம்.

இவ்வளவு பாடு எதற்கு? பெராங்கானை வாட்டி எடுக்கும் பனாமா வாடல் பூஞ்சையைத் தாங்கும் மரபணுக்கள் அக்குமினாட்டாவின் மலாக்சென்சிஸ் என்னும் உட்பிரிவில் இருக்கின்றன. ஆனால் விதைச்செடி ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. எல்லாம் தாங்கும் என்று நம்பி வாடிய நிலத்தில் நடவேண்டாம். அங்கே மண்வெட்டி, பாராங், காலணியில் ஒட்டும் மண்கூட பூஞ்சையைக் கொண்டுவரும். நாற்றுப் பக்கம் போகுமுன் கழுவிவிடுங்கள்.